சம்மணம்

...ஆகவே பெரியோர்களே, தாய்மார்களே, இந்தப் பாரதத் திருநாட்டின் மானம் பதிமூன்று ஆண்டுகளாக ஒரே ஒரு மனிதனின் இடது காலில்தான் நின்றுகொண்டிருந்தது என்று சொன்னால் அது மிகையாகாது, என்று மண்டபத்துக் குழாய் ஸ்பீக்கர் தேவாரம் மெயின் ரோடு முழுக்கக் கேட்கும்படி முழங்கிக்கொண்டிருந்தபோது, அந்த இடது கால் மண்டப வாசல்படியில் ஷூவைக் கழற்ற முடியாமல் நின்றுகொண்டிருந்தது. குனிந்தால் முட்டி மடங்க வேண்டும், மடங்கினால் உள்ளே என்னவோ ஒன்று கதவிடுக்கில் விரல் மாட்டியதுபோல மாட்டிக்கொள்ளும், மாட்டினால் மூஞ்சி காட்டிக்கொடுத்துவிடும்... சுருளியாண்டி வலது கால் பெருவிரலால் இடது ஷூவின் குதிகாலை நெம்பினான். நாசமாய்ப் போகிற ஷூ. காது குத்துக்கு எவனாவது ஷூ போட்டுக்கொண்டு வருவானா, எல்லாம் இந்த மாப்பிள்ளை பாண்டியராஜன் பண்ணின வேலை, 'மச்சான், பிளேயர்னா ஷூவோட வரணும், வீடியோக்காரன் ரோட்டுலருந்தே எடுக்குறான்' என்றான், தங்கச்சி புருஷனாயிற்றே, தங்கச்சி மகள் காது குத்தாயிற்றே, நாம்தானே தாய்மாமன், என்று வாயைப் பொத்திக்கொண்டு போட்டாயிற்று. மைக்கைப் பிடித்திருக்கிறவர் சுரேஷ்கண்ணன் வாத்தியார். பள்ளிக்கூடம் இல்லாத நாளெல்லாம் காது குத்து, சடங்கு, கடை திறப்பு என்று எங்கே மைக் கிடந்தாலும் எடுத்துக்கொள்கிறவர், போன மாசம் இதே குரலில் ஒரு டிராக்டர் கடையைப் பாரதத் திருநாட்டின் முதுகெலும்பு என்றாராம். முதுகெலும்பு டிராக்டர், கால் நான், மிச்சத்துக்கு யார் யாரோ... நல்ல நாடு.

ஷூ கழன்றது. நிமிர்ந்தால் எதிரே பிளக்ஸ். 'கால்பந்துச் சூறாவளியே, தாய்மாமனே, வருக வருக.' தலை அவனுடையதுதான், சந்தேகமில்லை, கழுத்துக்குக் கீழே எவனோ ஒரு வெளிநாட்டுக்காரன், மஞ்சள் சட்டை, வெள்ளைவெளேரென்று கை, பக்கத்தில் ஒரு புலி வேறு, அந்த வெள்ளைக்காரன் பந்தை உதைப்பது வலது காலால்! காலையில் மருமகள் அபிதா, குலசாமி கோயிலில் மொட்டை போட்டு முடித்த சந்தனத் தலையோடு வந்து, பிளக்ஸைக் காட்டி, "மாமா, ஒன் கை மட்டும் ஏன் வெள்ளையா இருக்கு?" என்று கேட்டது. "பவுடரு கண்ணு" என்றான். மாப்பிள்ளையிடம் கேட்டதற்கு, "எந்தக் காலா இருந்தா என்ன மச்சான், பந்து பறக்குதுல்ல?" என்கிறான் உரக்கடைக்காரன். எந்தக் காலாக இருந்தால் என்னவா, யூரியா கேட்டவனுக்கு பொட்டாஷ் போட்டுக் கொடுத்து எந்த மூட்டையா இருந்தா என்னய்யா என்பானா இவன்? இடது கால் ஒன்றைத் தவிர உருப்படியாக வேறு எதுவும் இல்லாமல் பிறந்த ஒருத்தனுக்கு, ஆயுளுக்கும் அதை வைத்தே சோறு தின்ற ஒருத்தனுக்கு, வலது கால் படம்... இவ்வளவு கோபத்திலும், மேலே இருக்கிற ஒன்றியச் செயலாளர் தலையைவிடத் தன் தலை ஒரு சாண் சின்னது என்பதையும் அவன் கவனித்துக்கொண்டான். அது வேறு எரிந்தது.

தப்பு மேளச் சத்தம் கிளம்பியது, சொந்த ஊர் பண்ணைப்புரத்திலிருந்து வந்த சொந்தங்கள் சீர்த்தட்டோடு வரிசை கட்டினார்கள், பூ, பழம், வளையல், ஒரு கிடாய், கிடாயின் கழுத்தில் மாலை, சுருளியாண்டியின் கழுத்திலும் அதே கடை மாலை. கையில் பட்டுப்பாவாடைத் தட்டோடு, வரிசையின் நடுவில் போகவேண்டியவன், தன்னையறியாமல் இடது ஓரத்துக்குப் போய்விட்டான். ஓரம். எங்கே போனாலும் ஓரம்தான். யார் வைத்தது இந்த ஓரத்தை? அம்மா ஏலக்காய் பறிக்க உடும்பன்சோலைப் பக்கம் ஜீப்பில் போகும்போது கூடவே போய், எஸ்டேட்டில் மலையாளத்துப் பயல்கள் ஆடுகிற மைதானம், மைதானமா அது, ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம், பள்ளத்துப் பக்கம் பந்து போனால் எடுக்க ஓடணும் என்று எவனும் அங்கே நிற்கமாட்டான், "எடா பாண்டி, நீ தாழெ நில்லெடா" என்று, தமிழ்ப் பயலென்றாலே அவர்களுக்குப் பாண்டிதான், இவனைச் சரிவில் நிறுத்தினார்கள், பந்து பள்ளத்துக்குள் உருளுவதற்கு முன்னால் இடது காலால் மேட்டுக்குத் திருப்பி அடித்து அடித்து... அவ்வளவுதான் வரலாறு. சூறாவளியும் இல்லை, புலியும் இல்லை. பள்ளத்தில் இறங்கிப் பந்து எடுக்கச் சோம்பல்பட்டவர்கள் உண்டாக்கின லெஃப்ட் விங்கர். தொண்ணூற்றாறில் மதுரையில் செலக்சனுக்குப் போனபோது சமதளமான மைதானத்தைப் பார்த்து அவனுக்குத் தலை சுற்றியது, ஒரு பக்கமாகச் சாய்ந்தே ஓடினான், 'இவன் ஸ்டைலே தனி' என்று எழுதிக்கொண்டார்கள். ஸ்டைலாம்!

அப்புறம் சென்னையில் ஒரு கம்பெனி டீம், அப்புறம் கொல்கத்தா, அங்கே பேரை ஆண்டி ஆண்டி என்று நறுக்கி, ஒரு பத்திரிகைக்காரன் அவனை ஆங்கிலோ இந்தியன் என்றே எழுதிவிட்டான், அப்புறம் கோவா, திரும்பவும் கொல்கத்தா, எல்லா ஊரிலும் அதே வெள்ளைக்கோடு, கோட்டுக்கு அந்தப் பக்கம் கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் ஜனம். நடுவில் ஆடுகிறவனுக்குக் கூட்டம் என்றால் கடல் அலை மாதிரி மொத்தமாக ஒரு இரைச்சல், ஓரத்தில் ஓடுகிறவனுக்கு அப்படி இல்லை, ஒவ்வொரு வசவும் தனித்தனியாக, வைகிறவன் வாயில் மெல்லுகிற கடலை வாசனையோடு வந்து விழும், நான்கு பாஷையில் அம்மாவையும் அக்காவையும் வைகிற வசவு அவனுக்குத் தெரியும், வேறு எதுவும் அந்தப் பாஷைகளில் தெரியாது. கோடு நெடுக ஓடி, ஒருத்தனை ஏமாற்றி, இன்னொருத்தனிடம் உதை வாங்கி, கிராஸ் அடித்தால், கோல் பொட்டி முன்னால் நிற்கிற எவனோ தலையை ஆட்டிக் கோலாக்கிவிட்டுப் போவான், அவனைத் தூக்கிவைத்து ஆடுவார்கள், கிராஸ் அடித்தவன் மூலைக் கொடிக்குப் பக்கத்தில் இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கிக்கொண்டு... ஒருதரம் டிவியில் காட்டினபோது ஊரே இந்தத் தங்கச்சி வீட்டில் உட்கார்ந்து பார்த்ததாம், ராத்திரி போனில் ஹேமாவதி, "அண்ணே, ஒன்னையக் காட்டவே இல்லண்ணே, ஒருவாட்டி பந்தை எறிஞ்சப்ப ஒன் கை தெரிஞ்சுச்சு, மோதிரத்தை வச்சுக் கண்டுபிடிச்சோம்" என்றாள். பாரதத் திருநாட்டின் மானம்! இந்திய கேம்ப்புக்குக் கூப்பிட்டது மட்டும் நிஜம், முதுகில் இந்தியா என்று எழுதின டிராக்சூட் கொடுத்தார்கள், கடைசியாக ஆளைத் தேர்ந்தெடுத்தபோது நீ கிளம்பு என்றார்கள், டிராக்சூட்டைத் திருப்பிக் கேட்க மறந்துவிட்டார்கள். இந்தியா அவனுக்குச் செய்த உபகாரம் அந்த மறதிதான்.

அந்த டிராக்சூட்டைத்தான் இந்த ஒரு மாசமாகத் தினமும் விடியற்காலையில் மாட்டிக்கொண்டு தேவாரத்தில் ஓடுகிறான். ஓட்டமா, கெந்தலுக்கும் ஓட்டத்துக்கும் நடுவில் ஒன்று. டீக்கடையில் பெஞ்சுக்காரர்கள், "பாருய்யா, லீவுல வந்தும் பிராக்டிஸ விடல, அதான் இந்தியா பிளேயரு" என்பார்கள். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே லாட்ஜில் மேனாட்டுக் கக்கூஸ் இருக்கிறது. தங்கச்சி வீட்டில் குத்தவைத்து உட்காருகிற கக்கூஸ். பிராக்டிஸ் அவ்வளவுதான். போன வருஷம் கொல்கத்தா மழையில், சேற்றில் கால் ஊன்றி உடம்பு மட்டும் திரும்பியபோது முட்டிக்குள் பச்சை முருங்கைக்காய் ஒடிகிற சத்தம் கேட்டதே, அன்றைக்கே ஆபரேஷன் பண்ணியிருந்தால்... கிளப் செக்ரட்டரி, வாயில் வெற்றிலையைப் போட்டுக்கொண்டு, சீசன் முடியட்டும் ஆண்டி, இப்போதைக்கு ஊசி போட்டு ஆடு என்றான், ஊசி போட்டு ஆடினான், சீசன் முடிந்தது, சீசனோடு கான்ட்ராக்டும் முடிந்தது, முட்டியை மட்டும் ஊருக்கு எடுத்துப்போகச் சொல்லிவிட்டார்கள். சாய்ந்து நிற்கலாம், நடக்கலாம், படியேறலாம். மடக்க மட்டும் கூடாது. இந்த விஷயம் ஊரில் ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது, தெரியவும் கூடாது, ஹேமாவதி புகுந்த வீட்டில் தலைநிமிர்ந்து நடப்பதே எங்கண்ணன் இந்தியாவுக்கு ஆடுறாரு என்கிற ஒற்றைச் சொல்லில்தான், அவள் மாமியார் சோணையம்மாள் வாய்க்கு அதுதான் பூட்டு, பூட்டுக் கழன்றால் வாய் திறக்கும், திறந்தால் மூடாது.

மேடைக்கு ஏறினான். ஒரு நம்பிக்கையில்தான் ஏறினான். மேடை நடுவில் சிவப்பு வெல்வெட், தங்க முலாம், சிங்கத் தலை வைத்த ராஜா நாற்காலி, கல்யாணத்துக்கு வாடகைக்கு விடுவது, நேற்றே வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தான், உயரமான நாற்காலி, இடது காலை லேசாக முன்னால் நீட்டிக்கொண்டு மடியில் பிள்ளையை வைத்தால் ராஜ கம்பீரம் மாதிரிதான் தெரியும், ஒருத்தனும் கண்டுபிடிக்கமாட்டான், ராத்திரியெல்லாம் மனசுக்குள் அப்படியே உட்கார்ந்து பார்த்திருந்தான்... நாற்காலியில் ஒன்றியச் செயலாளர் உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்திருந்தாரா, ஊற்றி வைத்ததுபோல நிறைந்திருந்தார். முன்னால் தரையில் கோரைப்பாய். பாயில் ஆசாரி, வெற்றிலைத் தட்டு, கம்பி. "தாய்மாமன் கீழ ஒக்காருங்க" என்றார் ஆசாரி.

"ஒரு சேர் போட்டா..." என்று ஆரம்பித்தான். சோணையம்மாள் சிரித்தாள், "சேர்ல ஒக்காந்தா அதுக்குப் பேரு மடியா? சலூன்ல முடி வெட்டுற மாதிரில்ல இருக்கும். மாமன் மடின்னா சம்மணம் போட்டாத்தேன் மடி. எங்க வீட்டுல அஞ்சு பிள்ளைக்கும் அப்படித்தேன் குத்துனாக." சம்மணம். பொம்பளை சும்மா சொன்னாளா, வேண்டுமென்றே சொன்னாளா... கிழவிக்கு எப்போதும் கண் முட்டிக்குக் கீழேயே... அவன் நின்றான். தப்பு அடிக்கிறவர்கள் நிறுத்தினார்கள். வீடியோக்காரன் லைட்டை மூஞ்சியில் அடித்தான். மைக் மட்டும் நிற்கவில்லை, எதிரிகளின் கோட்டைகளைச் சிதறடித்த அந்தக் கால், இதோ இப்போது தங்கை மகளுக்காக மடியப் போகிறது! மடியப் போகிறதாம், மடியட்டும், ஓய், உன் நாக்கு ஒருநாள் மடியாதா ஓய்... அப்போதுதான் பெரியப்பா மகன் முத்துவீரன் வந்தான், ஏலக்காய் வியாபாரி, கழுத்தில் கிடாய்க்குக் கட்டுகிற சைஸில் செயின், இவனைவிட ஒரு வயசுதான் சின்னவன், அவனும் அபிதாவுக்கு மாமன் முறைதான், சட்டைக் கையை மடித்துக்கொண்டே வந்தான்.

"அண்ணே, ஒங்க காலு நாட்டோட சொத்து. மடக்கி வச்சு ஏதாச்சும் ஆயிரப் போகுது. நான் ஒக்காந்துக்கிறேண்ணே, நமக்கென்ன, மூட்டை தூக்குற காலு."

நாலு பேர் சிரித்தார்கள். என்ன சிரிப்பு அது? நாட்டின் சொத்து என்று சொன்னதற்கா, மூட்டை தூக்குகிற கால் என்று சொன்னதற்கா? சின்ன வயசில் ஜீப்பில் கூட வந்தவன்தான், மேட்டுப்பக்கம் நின்று வேடிக்கை பார்த்தவன், பள்ளத்தில் ஒரு நாளும் இறங்காதவன், இப்போது மடிக்கு வருகிறான்... ஒருதரம் அவன் மடியில் குத்திவிட்டால் அப்புறம் அபிதாவுக்கு அவன்தான் மாமன், சடங்குக்கு அவன்தான் ஓலைக்குச்சு கட்டுவான், கல்யாணத்துக்கு அவன்தான் முதல் மாலை, ஊர் ஞாபகம் வைத்துக்கொள்ளும், இந்த ஊருக்கு அது மட்டும் நன்றாக ஞாபகமிருக்கும். ஹேமாவதி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் வந்தாள். புதுப்பட்டு, மல்லிகை, கண்ணில் மட்டும் பயம். பிள்ளையைக் கொடுக்கிற சாக்கில் காதோரம் குனிந்தாள்.

"அண்ணே, வீம்பு பண்ணாத. முட்டி போனது எனக்குத் தெரியும். லாட்ஜுக்காரர் சம்சாரம் ஜாக்கெட் தைக்கக் குடுக்க வந்தாக, காலையில நீ எதுக்கு அங்கன வர்றேன்னு சொன்னாக. அபிதா அப்பாவுக்குக்கூட நான் சொல்லல. முத்துவீரன் ஒக்காரட்டும்ணே. எல்லார் முன்னாலயும் விழுந்து கிழுந்து வச்சா எனக்குத்தேன் அசிங்கம்."

தெரியுமா? எத்தனை நாளாக? தினமும் வேர்த்து வடிகிற மாதிரி மூஞ்சியில் தண்ணீர் தெளித்துக்கொண்டு வந்து நின்றானே, 'எவ்வளவு தூரம்ணே ஓடுன?' என்று கேட்டு மோர் கொடுத்தாளே, தெரிந்துதான் கொடுத்தாளா அந்த மோரை? பாவம் பார்த்தா, நாடகம் பார்த்தா? எனக்குத்தேன் அசிங்கமாம். அவளுக்கு! முட்டி இவனுடையது, அசிங்கம் அவளுடையது... பதிமூன்று வருஷத்தில் எவன் எவனோ ஊசி போட்டு ஆடு என்றான், ஓரமாக நில் என்றான், கிளம்பு என்றான், எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினவனுக்கு, கூடப் பிறந்தவள், உட்காராதே என்று சொன்னதும்தான் கோபம் உச்சந்தலையில் ஏறியது. கோபம் எப்போதும் இப்படித்தான் அவனிடம் லேட்டாக வரும், விசில் ஊதின பிறகு, தப்பான ஆள் மேல். "கொடு பிள்ளையை" என்றான். உட்கார்ந்தான்.

உட்கார்ந்தான் என்று ஒரு சொல்லில் சொல்லிவிடலாம். முதலில் வலது காலை மடக்கிப் பின்புறத்தைத் தரைக்குக் கொண்டுவந்தான், அதுவரைக்கும் சரி, சபை சபாஷ் என்றது, அப்புறம் இடது காலை இரண்டு கையாலும் பிடித்து, யாரோ ஒருத்தருடைய காலை எடுத்து வைப்பதுபோல, மடக்கினான். மாட்டுகிற இடம் வந்தது. மாட்டியது. தாண்டி இழுத்தான். உள்ளே டப்பென்று ஒன்று விட்டது, அந்தச் சத்தம் மண்டபத்துக்கே கேட்டிருக்கும் என்று நினைத்தான், தப்புக்காரர்கள் சரியாக அப்போதுதான் அடிக்க ஆரம்பித்தார்கள். கண்ணுக்குள் பச்சை, மஞ்சள், பிறகு ஒன்றுமேயில்லாத வெள்ளை... மடியில் அபிதா வந்து விழுந்தது, சந்தன வாசனை, கம்பியைப் பார்த்ததும் அது செத்தேன் பிழைத்தேன் என்று துள்ள, இரண்டு குதிகாலும் மாறி மாறி அந்த முட்டி மேலேயே, எத்தனை டிஃபென்டர்கள் தேடித் தேடி அடித்தும் இவ்வளவு குறி தவறாமல் அடித்ததில்லை. "மாமா, விடு மாமா, நீ கெட்ட மாமா!" "இந்தா முடிஞ்சிருச்சு கண்ணு, எறும்புடா, எறும்பு..." ஒரு காது. "எறும்பு பொய்யி! மாமா பொய்யி!" இரண்டாவது காது. சபை கை தட்டியது. சிங்க நாற்காலியில் ஒன்றியச் செயலாளர் யார் காது, யார் மடி என்று பார்க்காமல் செல்போன் பார்த்துக்கொண்டிருந்தார். இமயமே சரிந்தாலும் இமைக்காத வீரன், பாருங்கள் அந்தப் புன்னகையை, என்றது மைக். புன்னகை இல்லை ஓய், பல்லைக் கடித்திருக்கிறேன்.

பாண்டியராஜன் குனிந்தான், கேமராவுக்குச் சிரித்துக்கொண்டே, கை தட்டிக்கொண்டே, உதடு அசையாமல் பேசுகிற வித்தையைக் கட்சியில் எங்கேயோ கற்றிருந்தான். "மச்சான், சாப்பாட்டுக்கப்புறம் செயலாளர் அண்ணன்கிட்ட பேசிருவோம், இங்கன ஒரு கோச்சிங் சென்டரு, அவரு இடம் தர்றேன்னாரு. ஆட்டந்தேன் இனிமே ஒங்களுக்கு இல்லேன்னு ஆயிருச்சு, பேரையாச்சும் உபயோகப்படுத்துவோம்ல? லாட்ஜுக்காரரு அன்னைக்கே சொல்லிட்டாரு மச்சான். ஹேமாகிட்ட மட்டும் நான் சொல்லல, மனசு கஷ்டப்படும்."

போய்விட்டான். வெல்வெட் நாற்காலிக்காரரைக் கைத்தாங்கலாக எழுப்பி, அவருக்குத்தான் முட்டி போனதுபோல, பந்திக்கு அழைத்துப்போனான். பின்னாலேயே சபை. ஹேமாவதி திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனாள், சோணையம்மாள் அவள் முழங்கையைப் பிடித்திருந்தாள். அழுது முடித்த அபிதா, கையில் கொடுத்த லட்டோடு அப்பாவின் தோளில். ஆக அவளுக்குத் தெரியும், அவள் புருஷனுக்கும் தெரியும், ஒருத்தருக்கொருத்தர் சொல்லவில்லை, அவ்வளவுதான்... லாட்ஜுக்காரனுக்கு வாய் ஒன்றுதான், ஊரில் காது எத்தனை? டீக்கடைப் பெஞ்சு? 'பிராக்டிஸ விடல பாருய்யா' என்றார்களே, அது என்ன குரல் அது, இப்போது கேட்டால் வேறு மாதிரி அல்லவா கேட்கிறது? முத்துவீரனின் நாட்டோட சொத்து? வாத்தியாரின் அந்தக் கால் மடியப் போகிறது? எல்லோரும் ஒரே பக்கமாக ஆடிக்கொண்டிருந்தார்களா, இவன் ஒருத்தன் மட்டும் தெரியாமல் எதிர்ப்பக்கம் ஓடினானா? அப்படியென்றால் பிளக்ஸை நம்பிய ஆள் இந்த ஊரிலேயே... இவன்தான் கோபப்பட்டான் பிளக்ஸைப் பார்த்து, இவன்தான் சாண் போட்டுப் பார்த்தான். சரி, எல்லோருக்கும் தெரியும் என்றால், இந்தக் காலை இப்போது யாரிடம் மறைக்க மடக்கினான்? முத்துவீரனிடம் மடியை விட்டுக்கொடுத்துவிட்டு, ஆமாய்யா, போச்சு, என்று சொல்லியிருந்தால் என்ன குடி முழுகியிருக்கும்? யோசிக்க யோசிக்கக் கோபம் வந்தது, ஆனால் யார் மேல் வருகிறது என்று இந்தத் தடவை சரியாகத் தெரியவில்லை, ஒரு ஆளைப் பிடித்து நிறுத்த முடியவில்லை, கண்ணுக்கு எட்டின தூரத்தில் அவனைத் தவிர வேறு ஆளும் இல்லை.

கீழே பந்தியில் இலை போட்டாயிற்று, கறிக்குழம்பு வாசனை மேலே வந்தது. வாத்தியார் மைக்கை வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். மண்டபம் கூட்டுகிற ஜெபராணி விளக்குமாறோடு மேடையேறி, பாயின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணே, எந்திரிங்கண்ணே, பாயைச் சுருட்டணும். அடுத்த விசேசக்காரக சாயங்காலம் வந்துருவாக."

சுருளியாண்டி கண்ணை மூடி, இரண்டு கையையும் கூப்பி, "சாமி கும்புடுறேன் தாயி" என்றான்.

ஜெபராணி மற்ற இடமெல்லாம் கூட்டி முடித்துவிட்டு வந்தாள். அவன் அப்போதும் கும்பிட்டுக்கொண்டிருந்தான். அவனால் எழுந்திருக்க முடியவில்லை.